பக்கத்துத் தெரு டாக்டரும் வேப்பேரி மருத்துவமனையும்: சென்னையில் நாய், பூனை வளர்ப்போருக்காக ஒரு மதிப்பீடு

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் செல்லப்பிராணிகளுக்கான கிளினிக்குகளுக்கு இப்போது பஞ்சமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஒரு மேசையும் குளிர்சாதனப் பெட்டியும் வைத்துக்கொண்டு மாலையில் மட்டும் பார்க்கிற டாக்டரும் இருக்கிறார். ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை அரங்கு, நாய்களுக்கான முடிதிருத்தும் பகுதி எல்லாம் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிற பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. வாயில்லாப் பிராணியின் நோய்க்காக எவ்வளவு செலவு செய்யலாம் என்று தவிக்கிற நடுத்தரக் குடும்பத்துக்கு இவற்றில் எது பொருந்தும்? வருடக்கணக்கில் நாய்களையும் பூனைகளையும் வளர்த்ததில் நான் வந்து நின்றிருக்கும் முடிவு இது: அன்றாடத் தேவைக்கு வீட்டுக்கு அருகில் ஒரு நல்ல டாக்டர், அவர் கைக்கு மீறியதற்கு வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. இந்த மதிப்பீடு அவ்விரண்டையும் பற்றியது.

அருகில் இருக்கும் டாக்டரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அவர் தனி ஆளாக நடத்தும் சிறிய கிளினிக் அது. அவரைப் போன்ற ஒருவரை உங்கள் பகுதியில் எப்படி இனங்கண்டுகொள்வது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

எங்கள் வீட்டு நாட்டு நாய் ஜூலி இரண்டு நாள் சோறு தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தபோது, முதலில் பளபளப்பான ஒரு பெரிய கிளினிக்குக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் ஜூலியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கணினியில் பரிசோதனைப் பட்டியலைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டார். முழு ரத்தப் பரிசோதனை, கல்லீரல், சிறுநீரகம், ஸ்கேன், உள்நோயாளியாகச் சேர்த்து டிரிப்ஸ் என்று நீண்ட அந்தப் பட்டியலில் எது எதற்காக என்று கேட்டதற்கு, எல்லாம் பார்த்துவிடுவது நல்லது என்ற ஒற்றை வரிதான் பதிலாகக் கிடைத்தது. தொகை எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். மேசைமேல் ஏற்றிய உடனே காய்ச்சல் பார்த்தார். 104 டிகிரியைத் தாண்டியிருந்தது. நாய்க்கு இயல்பான வெப்பநிலையே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி என்பதையும் அப்போதே சொன்னார். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று கவனித்தார். கழுத்திலும் தொடையடியிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கடைசியாகக் காது மடிப்புக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் தேடி, மிளகளவு ஊதியிருந்த உண்ணிகளைக் காட்டினார். காது நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பியபடியே, "இப்போதைக்கு ரத்த அணுக்கள் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதும்மா. தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம். மற்றதெல்லாம் காய்ச்சல் இறங்காவிட்டால் பார்த்துக்கொள்வோம்," என்றார்.

எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது அதற்கடுத்து அவர் செய்த காரியத்தால்தான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இன்றே செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கமும் காத்திருந்து பார்க்கக்கூடியவற்றை மறுபக்கமும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தோராயமான தொகையைக் குறித்துக் கொடுத்தார். செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதை நம்மில் பலர் அநாகரிகம் என்று நினைக்கிறோம். பிராணியின் மேல் பாசம் இல்லையோ என்று டாக்டர் எண்ணிவிடுவாரோ என்று கூசுகிறோம். அந்தக் கூச்சத்தைத் தானே முன்வந்து போக்குகிற டாக்டர்தான் என் கணக்கில் நல்ல டாக்டர். எந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும், எது மாற்றாது என்று அவரால் விளக்க முடிய வேண்டும். இதைச் சொல்வதனால் பரிசோதனைகள் எல்லாமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி ஒன்று வாந்தியெடுத்து ரத்தமாகக் கழிந்தால், அங்கே குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. அந்த நோயில் குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நேரத்தோடு ஏற்றப்படும் டிரிப்ஸும் விடாத கவனிப்பும்தான்.

ஜூலிக்கு எழுதிக்கொடுத்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாய் நான்கே நாளில் வாலாட்டத் தொடங்கிவிடும்; அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். மருந்தின் மூலப்பெயரையும் அவர் சீட்டில் எழுதியிருந்ததால், அவரிடம் கேட்டுக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தது. நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான மருந்துகள் சில உண்டு. அவற்றை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் அவர் சொல்லாமல் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து எதையும் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரை உயிரையே பறித்துவிடும். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனிதர்களுக்கான சில சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு. நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவற்றைப் பூனைமேல் தடவிவிட்டு, வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆயிரங்களில் முடிகிற இடம் இதுதான்.

டாக்டரின் தகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண் மருந்துச் சீட்டிலோ சுவரிலோ இருக்கும். இல்லாவிட்டால் கேட்கலாம், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். செல்லப்பிராணிக் கடைக்காரரும், குட்டி விற்பவரும், முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்தவரும் மலிவாகத் தடுப்பூசி போடுவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. தடுப்பூசி இடைவிடாத குளிரிலேயே இருந்தாக வேண்டிய பொருள். அது எந்த வெயிலில் எத்தனை மணிநேரம் கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. ஊசி போட்டதும் குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள்.

இனி வேப்பேரி. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று இயங்குகிறது. அதன் மருத்துவமனையில் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவுகளும், தோல், கண், இதயம் போன்றவற்றுக்கு அத்துறையில் தேர்ந்த பேராசிரியர்களும் இருக்கிறார்கள். நாய்களுக்கான ரத்த வங்கியும், சிறுநீரகம் செயலிழந்த நாய்களுக்கு டயாலிசிஸ் வசதியும் இங்கே உண்டு. தனியாரிடம் ஆகிற செலவில் சிறு பகுதிதான் இங்கே ஆகிறது.

எங்கள் வீட்டில் முன்பிருந்த பொமரேனியன் டாமிக்கு வயதான காலத்தில் இரவெல்லாம் இருமல் வந்தது. சளி என்று எண்ணி இருமல் மருந்தில் காலம் கடத்தாமல், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவுடனேயே இதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்று கண்டுபிடித்து வேப்பேரிக்கு எழுதிக் கொடுத்தவரும் அதே பக்கத்துத் தெரு டாக்டர்தான். சிறிய இன நாய்களுக்கு முதுமையில் இதய வால்வு தளர்ந்துபோவது அடிக்கடி காண்கிற நோய். வேப்பேரியில் முதலில் ஒரு மாணவி நிதானமாக உட்கார்ந்து, இருமல் எப்போது வருகிறது, படுத்தால் கூடுகிறதா, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அதன்பின் பேராசிரியர் வந்து பார்த்து, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுத்து, திரையில் வால்வு மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிவதை எங்களுக்கும் சுட்டிக்காட்டி விளக்கினார். பயிற்சி மாணவர்கள் சூழ்ந்து நிற்பதைச் சிலர் விரும்புவதில்லை. எனக்கு அது பெரிய பலமாகவே பட்டது, ஏனென்றால் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் பேராசிரியர் வாய்விட்டுச் சொல்கிற ஒவ்வொரு காரணமும் நம் காதிலும் விழுகிறது.

வேப்பேரிக்குப் போகிறவர்கள் அந்தக் காலைப்பொழுது முழுவதையும் அதற்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிராணிகள் வருகிற இடம் அது. பழைய மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். சாதுவான நாயானாலும் வாய்க்கட்டு வேண்டும். அறிமுகமில்லாத பல நாய்களுக்கு நடுவே காத்திருக்கும்போது எந்த நாய் எப்போது மிரளும் என்று சொல்ல முடியாது. பூனையை மூடிய கூடையில், மேலே ஒரு துண்டைப் போர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். ஊசிக்கும் குடற்புழு மருந்துக்கும் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. டாமிக்கு நாங்கள் செய்தது போல, நோயைக் கண்டறிவதை வேப்பேரியிலும் மாதாமாதம் எடை பார்த்து மருந்தளவு சரிசெய்வதைப் பக்கத்துத் தெருவிலும் வைத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், பிராணியும் பயணத்தில் களைக்காது.

செலவைக் கட்டுக்குள் வைப்பது நோய் வருவதற்கு முன்பே தொடங்குகிற வேலை. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி என்ற வரிசையைத் தவறவிடாமலிருந்தாலே, பார்வோ போன்ற பெருஞ்செலவு நோய்கள் பெரும்பாலும் அண்டாது. வெறிநோய் ஊசியைப் பற்றிக் கணக்கே பார்க்கக் கூடாது. அறிகுறி தோன்றியபின் அந்த நோயிலிருந்து மீட்க வழியில்லை, ஆபத்து வீட்டிலுள்ளோருக்கும் சேர்த்துத்தான். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு, தோலுக்கடியில் பொருத்துகிற மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லையும் கட்டாயமாக்கியிருக்கிறது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களையும் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யத் தயங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது கருப்பைச் சீழ் நோயைப் பற்றித்தான். கருத்தடை செய்யாத நடுவயது நாய்களுக்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சோர்ந்துவிடும். அப்போது அதே கருப்பையை, நோயுற்ற உடலிலிருந்து, அவசர அறுவையில், பல மடங்கு செலவில் எடுக்க வேண்டிவரும். ஆரோக்கியமாக இருக்கும்போதே செய்தால் அது முன்கூட்டி நாள் குறித்துச் செய்கிற எளிய சிகிச்சை. உண்ணித் தடுப்பும் அப்படியே. மாதம் ஒரு முறை கொடுக்கிற நெக்ஸ்கார்டு, பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்றான பிராவெக்டோ போன்ற மாத்திரைகள் விலை கூடியவைதான் என்றாலும், ஜூலிக்கு ஒரே ஒரு உண்ணிக் காய்ச்சலுக்கு ஆன செலவையும் அவள் பட்ட பாட்டையும் பார்த்தபின் அந்த விலை எனக்கு உறுத்தவில்லை. மாத்திரை கொடுத்தாலும் படுக்கும் சாக்கையும் சுவர் விரிசல்களையும் சுத்தம் செய்தாக வேண்டும். உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, அந்த இடுக்குகளில்தான்.

நாய்களுக்கான காப்பீட்டைப் பலர் விசாரிக்கிறார்கள். வாங்குவதற்கு முன் இரண்டு பகுதிகளைப் பொறுமையாகப் படியுங்கள்: ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு என்ன விதி, தடுப்பூசி போடாததால் வருகிற நோய்க்கு என்ன விதி. எந்த வயது வரை சேர்த்துக்கொள்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செலவு கூடுவது முதுமையில்தான். நாங்கள் காப்பீடு எடுக்கவில்லை. ஜூலிக்கென்று அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் பணம் போட்டுவருகிறோம். ஆண்டுத் தடுப்பூசியும் உண்ணி மாத்திரையும் அதிலிருந்து அடங்கிவிடுகின்றன, மிச்சம் ஒரு அவசர அறுவைக்கு முன்பணம் கட்டுகிற அளவுக்கேனும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் குறை என்று சொல்ல ஒன்றுண்டு: இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் கிடைக்க மாட்டார். தனி ஆளாக உழைக்கிறவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆகவே எந்த டாக்டரைத் தேர்ந்தெடுத்தாலும், நாய் நலமாக இருக்கும்போதே அவரிடம், இரவில் வயிறு உப்பினாலோ வலிப்பு வந்தாலோ எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தின் தொலைபேசி எண்ணையும், அந்நேரத்தில் நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிற ஒரு ஆட்டோக்காரரின் எண்ணையும் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.