குண்டலினி யோகம்: வன்னி வெக்கையில் சில ஆண்டுகள்

முதலில் நுளம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் திண்ணையில் கண்ணை மூடி அமர்ந்தால், முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரம் நினைவுக்கு வருமுன் நுளம்பு வந்துவிடும். தவத்துக்குத் தொந்தரவில்லாத தனியிடம் வேண்டும் என்கிறார்கள். கிளிநொச்சியில் அப்படியொரு இடம் நுளம்பு வலைக்குள்தான் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக நான் வலைக்குள்ளேயே அமர்கிறேன்.

நான் பழகுவது வேதாத்திரி மகரிஷி (1911–2006) எளிமைப்படுத்திய குண்டலினி யோக முறை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். குடும்பம் நடத்துகிறவர்களுக்காக அமைத்த முறை என்பதால் மூச்சை நெடுநேரம் அடக்கிவைக்கும் கடும்பயிற்சி இதில் இல்லை. ஆசிரியர் புருவ நடுவைத் தொட்டு, கவனத்தை அங்கே நிறுத்தப் பழக்குகிறார். அது ஆக்கினைத் தவம். தலையில் பாரம் ஏறுவதுபோல் இருந்தால் முதுகுத்தண்டின் அடிக்குக் கவனத்தை இறக்கிவிட வேண்டும். அது சாந்தி தவம். கவனத்தை உச்சந்தலைக்கு ஏற்றும் துரியம் அதற்குப் பின்னர்தான்.

குண்டலினியை மூலாதாரத்தில் சுருண்டு உறங்கும் பாம்பு என்பார்கள். எனக்குள் பாம்பு எதுவும் எழும்பவில்லை. தொடக்கத்தில் புருவ நடுவில் ஒரு குறுகுறுப்பும் வெப்பமும் இருந்தன. இப்போதும் இருக்கின்றன, நான்தான் அவற்றை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நித்திரை சீரானது. கோபம் வருவதற்கும் வாய் திறப்பதற்கும் இடையில் சற்று நேரம் கிடைக்கிறது. இதை வீட்டிலுள்ளவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். நீரிழிவு மாத்திரை மட்டும் முன்போலவே தொடர்கிறது. நோயெல்லாம் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

எங்கள் பகுதிக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணை மூடி அசையாமல் இருப்பது இளைப்பாறலாக அமைவதில்லை. சிலருக்கு அது பதுங்குகுழியைத் திரும்பக் கொண்டுவருகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நடத்திய வகுப்பில், வேகமாக மூச்சுவிடும் பயிற்சியின்போது என் பக்கத்தில் இருந்த அக்கா நடுங்கத் தொடங்கினார். “சக்தி எழுகிறது, தடுக்காதீர்கள்” என்றார் அந்த ஆசிரியர். அக்காவின் முகத்தில் இருந்தது பயம். “கண்ணைத் திறவுங்கோ அக்கா, என்னைப் பாருங்கோ” என்று அவரை வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தோம். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. எந்த நடுக்கத்தையும் ஆன்மிக முன்னேற்றம் என்று எண்ணுகிற ஆசிரியரிடம் போகாதீர்கள். வலிப்பு, உயர் இரத்த அழுத்தம், மனநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தாமாகத் தொடங்கவே கூடாது. அந்த அக்கா இப்போது கண்ணைத் திறந்தபடி சாந்தி தவம் மட்டும் செய்கிறார். அது அவருக்குப் போதுமாக இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒருமுறை தொலைபேசியில், “குண்டலினி யோகா என்று இங்கே புதிதாக ஒன்று சொல்லித் தருகிறார்கள், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். வெள்ளைத் தலைப்பாகை கட்டிப் பழகும் முறையாம். அது 1968இல் கனடாவுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் போன யோகி பஜன் பரப்பியது. அவர் இறந்த பின், அவருடைய அமைப்புகளே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளில் பல உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது அது. மச்சாளிடம் இதையும் சொன்னேன்.

அவருடைய அம்மா, என் மாமி, பிள்ளையார் கதைக் காலத்தில் நாள்தோறும் விநாயகர் அகவல் படிப்பவர். மூலாதாரத்தில் மூளும் கனலை மூச்சால் எழுப்புவதும் குண்டலியும் அதிலேயே வருகின்றன. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கே ஒதுக்கினார். வடக்கே சைவ, சாக்த தாந்திரிகர்கள் வளர்த்த இதே மரபைத்தான் வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் உடலில் சக்தி நிலையங்களாகச் சொல்லப்படும் ஆறு சக்கரங்களைப் பற்றிய நூலாக்கினார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஜோன் வூட்ரொஃப் அதை ஆங்கிலத்தில் தந்த பிறகுதான் மேற்குலகம் இந்தச் சக்கரங்களைப் பரவலாக அறிந்தது. மாமி இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அவளை அகவலைப் படிக்கச் சொல், அதற்குக் காசு இல்லை” என்றார்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: வெறும் வயிறு, தளர்ந்த உடை, முழங்கால் வலித்தால் கதிரை. வெயில் ஏறிய பின் தகரக் கூரையின் கீழ் அமர வேண்டாம்; தவம் எது, மயக்கம் எது என்று பிரித்தறிய முடியாது.