எந்த நேரத்து யூனிட்? அனல், காற்று, சோலார், மொட்டை மாடி

கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-இல் ஓடத் தொடங்கியபோது பேசிய விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 ஆண்டுகளுக்கு. மறுவருடமே ராஜஸ்தானின் பாட்லா ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இதைக் காட்டி, இனி நிலக்கரி எரிக்கும் அனல் நிலையம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சரி, அந்த மலிவான யூனிட் சாயங்காலம் ஏழு மணிக்கு வருமா?

விளக்கு, மின்விசிறி, ஏசி, மிக்ஸி எல்லாம் ஒன்றாக ஓடுவது அப்போதுதான். பேட்டரியில் சேர்த்து வைத்தால் அதற்கும் செலவு உண்டு. அதனால் அந்த நேரத்தில் கைகொடுப்பது இன்னும் அனல்தான். ஆனால் அதன் விலை நம் கையில் இல்லை. ஒடிசாவின் தால்ச்சர் நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வருகிறது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு கூலியும் யூனிட் விலையில்தான் விடியும். நெய்வேலியில் சுரங்கம் பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் செலவு குறைவு. அங்கே நிலம் கொடுத்தவர்கள் இழந்தது எந்த யூனிட் கணக்கிலும் முழுதாக ஏறவில்லை. எனக்கு அது பெரிய குறை. அப்புறம், நீண்டகால ஒப்பந்தம் போட்ட அனல் நிலையத்துக்கு, மின்சாரம் எடுக்காத நாளுக்கும் மின்வாரியம் நிலையான கட்டணம் கட்டியாக வேண்டும்.

காற்றாலைக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் குடை நிற்காது, இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று சூரியன் சாய்ந்த பிறகும் வீசுவதால், சீசனில் நான் சோலாரை விடக் காற்றுக்கே கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். தை மாதத்தில் அதே கோபுரங்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

சிறிய அளவில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியுடையது. 2006-இல் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரம் போக, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

மொட்டை மாடி சோலார் எல்லோருக்கும் லாபம் என்று சொல்ல மாட்டேன். 3 கிலோவாட் வைத்தால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போட்ட காசு சில வருடத்திலேயே திரும்பிவிடும். இலவச 100 யூனிட்டைக் கொஞ்சம்தான் தாண்டும் வீட்டுக்கு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? வாடகை வீட்டுக்காரருக்கு மாடியே சொந்தமில்லை. அவர்களுக்கும் பலன் போய்ச் சேர வேண்டுமென்றால், மானியத்தில் ஒரு பங்கை ஓடந்துறை போலச் சொந்தமாக மின்சாரம் எடுக்க நினைக்கும் ஊராட்சிகளுக்கு ஒதுக்க வேண்டும்.