க்யூடியில் டெஸ்க்டாப் செயலிகள்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

டெஸ்க்டாப் செயலிக்கு எந்த எஸ்டிகே (செயலி எழுதத் தேவையான கருவிகளின் தொகுப்பு) எடுக்கலாம் என்று பார்க்கும்போது, முதல் விண்டோ எவ்வளவு சீக்கிரம் திரையில் வருகிறது என்பதைத்தான் பலரும் கவனிக்கிறார்கள். அதில் எல்லாமே தேறிவிடும். பழைய நிரல் புதிய பதிப்பில் என்ன பாடு படுகிறது, அடுத்தவர் கணினியில் செயலி திறக்கிறதா, இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம்.

நான் அதிகம் புழங்கியது க்யூடி (Qt) என்ற எஸ்டிகே. 1995-இல் வெளிவந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே சி பிளஸ் பிளஸ் நிரல் போதும். பட்டனை அழுத்துவது போன்ற நிகழ்வை (சிக்னல்) அதற்கு ஓட வேண்டிய ஃபங்ஷனோடு (ஸ்லாட்) இணைக்கும் இதன் முறை கைக்குப் பழகிவிட்டால் வேறு இடத்துக்குப் போக மனம் வராது. நாலாம் பதிப்பில் ஸ்லாட் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் கம்பைல் ஆகிவிடும் (நிரல் இயங்கும் வடிவுக்கு மாறிவிடும்). ஓட்டும்போது கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரும், பட்டன் பேசாமல் இருக்கும். 2012-இல் வந்த 5.0-இல் ஃபங்ஷன் பாயின்டர் (ஃபங்ஷனையே நேராகச் சுட்டுவது) கொடுத்தே இணைக்கலாம் என்றானதும், அந்தப் பிழையைக் கம்பைலரே பிடித்துவிடுகிறது. எனக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

2020 டிசம்பரில் வந்த 6.0-க்கு மாறுவது பயந்த அளவுக்கு இல்லை. பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும்) கிளாஸையும் டெக்ஸ்ட் கோடெக்கையும் (எழுத்துக் குறியீட்டை மாற்றுவது) தனியாக ஒரு இணக்க மாட்யூலில் வைத்திருக்கிறார்கள். அதைச் சேர்த்து ஓடவிட்டு, அப்புறம் நிதானமாக மாற்றலாம். ஆனால் ஆறாம் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது. அந்தக் கணினிகளை விட முடியாதவர்கள் 5.15-இலேயே இருக்க வேண்டியதுதான்.

தலைவலி பேக்கிங்கில், அதாவது செயலியை அடுத்தவருக்கு அனுப்பத் தயார் செய்வதில்தான். நம் கணினியில் ஜோராக ஓடும். வேறொன்றில் வைத்தால் பிளாட்ஃபார்ம் பிளகின் (க்யூடியை அந்த சிஸ்டத்தோடு இணைக்கும் கோப்பு) கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். விண்டோஸில் பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரும் அதற்குள் க்யூவிண்டோஸ் டிஎல்எல்லும் (qwindows.dll) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். க்யூடியுடன் வரும் விண்டிப்ளாய்க்யூடி (windeployqt) கருவி அதை எடுத்து வைக்கும், ஆனால் க்யூடி நிறுவாத கணினியில் ஒரு தடவை சோதிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். லைசென்ஸும் அப்படித்தான்: பெரும்பாலான மாட்யூல்கள் எல்ஜிபிஎல் (மூடிய நிரலிலும் நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம்), ஆனால் சார்ட்ஸ் போன்ற சில ஜிபிஎல் (நம் நிரலையும் திறந்து வைக்கச் சொல்வது) அல்லது கட்டண உரிமத்தில் மட்டுமே. மூலத்தை வெளியிடாத மூடிய நிரலுக்கு சார்ட் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே யோசித்துவிட வேண்டும்.

மற்றவற்றில், வெப் நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி எழுதும் எலக்ட்ரான், வெப் தெரிந்தவர்களுக்கு வசதிதான், ஆனால் குரோமியம் பிரவுசர் முழுதும் கூடவே வருவதால் சின்னச் செயலிகூட நூறு எம்பியைத் தாண்டிவிடும். அதே வகையான டாரி (Tauri), சிஸ்டத்தில் இருக்கும் வெப்வியூவையே (வெப் பக்கம் காட்டும் பகுதி) எடுத்துக்கொள்வதால் சிறியது. ஆனால் மூன்று சிஸ்டத்திலும் ஒரே எஞ்சின் இல்லை, மூன்றிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் மட்டும் போதும் என்றால் இன்றைக்கும் மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸ்தான் எடுப்பேன். 2002-இல் வந்தது, பிறகு அதே நிறுவனத்திலிருந்து வந்த டபிள்யூபிஎஃப், யூடபிள்யூபி, வின்யூஐ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இன்னும் புதிய டாட்நெட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. க்யூடியிலும் படிவம், அட்டவணை வேலைக்கு க்யூஎம்எல் (திரையை விவரித்து எழுதும் க்யூடியின் தனி மொழி) பக்கம் போகாமல் விட்ஜெட்ஸிலேயே (பட்டன், அட்டவணை போன்ற அதன் பழைய ஆயத்தப் பகுதிகள்) இருக்கிறேன்.