ஐ டிராக்கர் வாங்கலாமா? தினமும் இயக்குகிறவரின் விமர்சனம்

மனநல ஆய்வுக்கு ஐ டிராக்கர், அதாவது கண்ணசைவைப் பதியும் கருவி, வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் கருவியை இயக்கி, சோதனைக்கு வருபவர்களை உட்காரவைத்து, பிறகு பதிவுகளைச் சுத்தம் செய்கிற ஆள். எங்களிடம் இருப்பது மேசையில் வைக்கும் வகை: தாடையைத் தாங்க ஒரு சட்டம், திரைக்குக் கீழே அகச்சிவப்பு விளக்கு, நொடிக்கு 1000 படம் எடுக்கும் கேமரா. கண் பாப்பாவின் மையத்தையும் கருவிழியில் மின்னும் விளக்குப் புள்ளியையும் வைத்து, பார்வை எங்கே விழுகிறது என்று கணக்குப் போடும்.

இதை வாங்கியதற்கு ஒரே காரணம் ஆன்டிசக்காட் சோதனை. சக்காட் என்றால் கண் சட்டென்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவது; இதில் எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். பீட்டர் ஹாலெட் என்ற ஆய்வாளர் 1978இல் கொண்டுவந்தது. விதி ஒரு வரிதான். நடுவில் ஒரு புள்ளி இருக்கும். அது மறைந்ததும் இடமோ வலமோ இன்னொன்று தோன்றும். அதைப் பார்க்காமல், அதே தூரத்தில் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். ஆனால் நோய் எதுவும் இல்லாத பெரியவர்களே சுமார் ஐந்துக்கு ஒரு தடவை புள்ளியின் பக்கமே போய்விடுகிறார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களிடம் பல ஆய்வுகளில் இந்தத் தவறு இரு மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது, சிலவற்றில் அதையும் தாண்டுகிறது.

கருவிக்குக் கொடுத்த காசு எங்கே தெரிகிறது என்றால், தவறு நடந்த பிறகு வரும் அந்தக் கால் நொடியில். புள்ளி வலப்பக்கம் தோன்றுகிறது. 170 மில்லி செகண்டில், பார்வை போகும் இடத்தைக் காட்டும் பதிவுக்கோடு வலப்பக்கம் தாவுகிறது. தவறு. யாரும் எதுவும் சொல்வதற்குள் அதே கோடு சட்டென்று திரும்பி, மையத்தைத் தாண்டி, சரியான பக்கத்தில் போய் நிற்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் பதிவிலும் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் திருத்தப்படுகின்றன. சோதனைக்கு வந்தவருக்கு விதி புரிந்திருக்கிறது, நினைவிலும் இருக்கிறது. முதல் தாவலைத்தான் பிடித்து நிறுத்த முடியவில்லை. பல நேரம், தவறாகப் பார்த்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டால் ‘சரியாத்தானே பார்த்தேன்’ என்பார். சீட்டுகளை விதிப்படி வகைபிரித்து அடுக்கும் சோதனையில் மதிப்பெண் குறைந்தால், புரியவில்லையா, சலிப்பா, கை மந்தமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இங்கே அது கோட்டிலேயே இருக்கிறது.

மூளையின் முன்பகுதியில் சேதம் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் திணறுவதை 1985இலேயே காட்டிவிட்டார்கள். அதனால்தான் ‘அடக்கும் திறன்’ என்ற பேச்சு வந்தாலே இதைக் கையில் எடுக்கிறார்கள். கண்ணுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழைய கதை. டீஃபென்டார்ஃப், டாட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் மனநோயாளிகளின் கண்ணசைவைப் புகைப்படமாகப் பதிந்தது 1908இல்.

இனி குறைகள். கேலிப்ரேஷன், அதாவது ஒவ்வொருவரின் கண்ணுக்கும் கருவியைச் சரிசெய்வது, பொறுமைக்கு வைத்த பரீட்சை. மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் கருவி அதையே கருவிழிப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். அடர்த்தியான கண் மை இருந்தால் எது பாப்பா என்றே அதற்குக் குழம்பிவிடும். மருந்தின் தூக்கத்தில் இமை பாதி இறங்கியவரிடம் அரை டிகிரித் துல்லியம் என்ற விளம்பர வாசகம் எடுபடாது. அப்புறம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பென்சோடயசபைன் வகை மருந்துகள் கண் தாவும் வேகத்தையே குறைக்கும். யார் என்ன மருந்து எடுக்கிறார் என்று குறித்து வைக்காத பதிவு என் கணக்கில் பாதிப் பதிவுதான். மென்பொருளின் மேலும் ஒரு கோபம் உண்டு: புதிய பதிப்பு வந்தபோது, எந்த வேகத்துக்கு மேல் போனால் தாவல் என்று எண்ணுவது என்ற வரம்பை அவர்களாகவே மாற்றிவிட்டார்கள். பழைய பதிவுகளையும் புதியவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. இதையெல்லாம் ஒரு வரி மெயிலில் சொல்லக் கூடாதா?

விற்க வந்தவர் கொடுத்த தாளில் ‘நோய் கண்டறிய உதவும்’ என்று போட்டிருந்தது. அதை நம்பி வாங்காதீர்கள். கவனக்குறைவுக் கோளாறிலும் பைபோலாரிலும் பார்க்கின்சனிலும் தவறுகள் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சின்னக் குழந்தைகள் இயல்பாகவே தவறிக்கொண்டிருப்பார்கள். குழுக்களின் சராசரியில் இடைவெளி தெளிவாகத் தெரியும். தனி ஆட்களை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவருக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்ட முடியாது.

சோதனையை எப்படி அமைக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். பக்கப் புள்ளி வருவதற்கு 200 மில்லி செகண்ட் முன்பே நடுப்புள்ளியை அணைத்துவிட்டால் தவறுகள் கூடும். இதற்கென்று சர்வதேச ஆய்வாளர்கள் சேர்ந்து 2013இல் ஒரு பொது நெறிமுறை வெளியிட்டார்கள். எங்கள் கருவியோடு வந்த மாதிரிச் சோதனை அதை ஒட்டி இல்லை, நாங்களே எழுதிக்கொண்டோம்.

ஆய்வுக்கு என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். காசு இல்லாதவர்கள் வெப்கேம் போதுமா என்று கேட்கிறார்கள். சாதாரண வெப்கேம் நொடிக்கு 30 படம் எடுக்கும், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி செகண்ட். கண் எந்தப் பக்கம் போனது என்று எண்ண மட்டும் என்றால் முயன்று பாருங்கள். எத்தனை மில்லி செகண்டில் கிளம்பியது, எப்போது திரும்பியது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் அதில் இறங்காதீர்கள்; நல்ல கருவி உள்ள ஆய்வகம் ஒன்றில் நேரம் கேட்டுப் பாருங்கள்.