சட்னிக்கு எது: புதினாவா, வாக்கட்டாயா?

ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால், குழாயடியை ஒட்டி ஒரு பாத்தி. சட்னிக்கு ஆகிற மாதிரி ஏதாவது போடலாம் என்று யோசித்ததில் மிஞ்சியவை இரண்டு: புதினா, வாக்கட்டாய் என்கிற வாசனைச் செடி. இரண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது பாத்தி முழுக்க வாக்கட்டாய்தான்.

புதினாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கடையில் வாங்கிய கட்டின் தண்டை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். அரை நிழலும் ஈரமும் போதும்.

வாக்கட்டாய் தென் அமெரிக்கச் செடி. நம்மூர்ச் செண்டுமல்லிக்குப் பங்காளி. தாவரப் பெயர் டாஜெட்டஸ் மினூட்டா. நல்ல வெயில் கேட்கும், ஆள் உயரம் போகும். பூவில் விசேஷம் இல்லை. வாசமெல்லாம் இலையில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். இமாச்சலப் பிரதேசத்தில் அந்த எண்ணெய்க்காகவே பயிரிடுகிறார்கள். பெருவில் நிலக்கடலை, மிளகாய், சீஸோடு இதை அரைத்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவார்கள். ஓகோபா என்று பெயர். கடலைச் சட்னி வைக்கிற நமக்கு அது ஒன்றும் தூரமில்லை. வறுத்த கடலை, வரமிளகாய், பூண்டு, துளி புளி. இலையை எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டிக் கடைசியில் போட்டு ஒரு சுற்று. புதினாவை அள்ளிப் போட்டுப் பழகிய கையை மட்டும் அடக்க வேண்டும், கூடினால் கசக்கும். "மாலையைப் பிச்சுப் போட்டு அரைச்ச மாதிரி இருக்குதுடா" என்றார் அம்மா. அவருக்கு இட்லிக்கு இன்னமும் புதினாதான்.

ருசியில் ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கலாம். என்னைச் சாய்த்தது களை. மலையில் மழை பிடித்துவிட்டால் புல் முளைப்பது நிற்காது. புதினா தரையோடு பின்னிப் படர்வதால் கொத்து போட வழியில்லை. குனிந்து ஒவ்வொரு புல்லாகப் பிடுங்க வேண்டும், பாதி புதினாவும் கூடவே வந்துவிடும். வாக்கட்டாய் நிமிர்ந்து வளர்ந்து அடியில் நிழல் கட்டிவிடுகிறது. நாற்றுப் பருவத்தில் களை எடுத்தால் சரி, அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. பகல் குறுகும்போது பூக்கிற செடி இது. கோடை மழைக்கே விதைத்தால் மாதக்கணக்கில் இலை கிடைக்கும். ஐப்பசியில் விதைத்தால் சின்னதிலேயே பூத்து முடிந்துவிடும். பூத்தபின் அசட்டையாக விட்டால் கூரிய முனையுள்ள விதைகள் வேட்டியில் ஒட்டி, பக்கத்துக் காப்பித் தோட்டம் வரை போகும். அப்புறம் அதுவே களை. மொட்டு கண்டதும் அறுத்துவிட வேண்டும், முழுக்கைச் சட்டையோடு; சாறு சிலருக்கு அரிப்பு தரும்.

சேலம் டவுனில் மாடித் தொட்டி மட்டும்தான் என்றால் புதினாவையே வைக்கலாம். அந்த வெயிலில் வாக்கட்டாயை நான் வளர்த்ததில்லை. எப்படியும் ஆள் உயரம் போகிற செடிக்குத் தொட்டி காணாது.

அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்க ஒரு செடியை விட்டால் போதும். பூ வாடத் தொடங்கியதும் செடியின் தலையில் துணிப்பை கட்டிவிடுங்கள்.