மர லூருக்கு மேல்பூச்சு: எபாக்ஸியா, யூவி ரெசினா, பியூ பாலிஷா?

கொடுவா மீன் பிடிக்க நான் செதுக்கிய முதல் மர லூர் (மீன் வடிவச் செயற்கை இரை), மூன்றாவது முறை தண்ணீரில் இறங்கியபோது வால் பக்கம் தொங்கிக்கொண்டு மிதந்தது. செய்து முடித்த அன்று நகைத் தராசில் 18.4 கிராம் காட்டிய லூர் அது. அன்றிரவு வீட்டுக்கு வந்து துடைத்து நிறுத்தால் 21 கிராம். வயிற்றில் ஹூக் மாட்டும் கம்பி வளையத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். வளையத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு மரம் கறுத்து ஊறி, பூஞ்சை வாடை அடித்தது. செதுக்கலில் குறையில்லை, பெயிண்டிலும் குறையில்லை. மேலே பூசியிருந்தது கலர் இல்லாத நெயில் பாலிஷ், நான்கு கோட்டு. அதுதான் கைவிட்டது.

அதற்குப் பிறகு ஐந்து வருடங்களில் மூன்று மேல்பூச்சுகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ரெசினும் ஹார்ட்னரும் கலந்து பூசும், மெதுவாக இறுகும் எபாக்ஸி, நெயில் ஆர்ட் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் யூவி ரெசின், கதவு கட்டிலுக்குப் போடும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ். இன்று என் பெட்டியில் இருப்பவற்றில் முக்கால்வாசி எபாக்ஸி போட்டவை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை வெளியே நிறுத்தும் இந்தக் கவலை பழையது. 1936-இல் ஃபின்லாந்தில் லவ்ரி ராபலா தன் லூரைத் தக்கையில் செதுக்கினார். செருப்புத் தைப்பவரின் கத்திதான் கருவி. சாக்லேட் சுற்றி வந்த பளபளப்புத் தாளை அதன்மேல் ஒட்டினார். அதற்கும் மேலே போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். கையில் கிடைத்ததை வைத்து மீன்பிடிக்கிறவர் செய்த மேல்பூச்சு அது. நமக்குக் கிடைப்பது வேறு. கல்யாண மாலையை ரெசினில் பதித்துக் கொடுக்கும் தொழில் ஊரெங்கும் பரவியதால், நல்ல தெளிவான எபாக்ஸி இன்று சின்ன பாட்டிலிலும் வாங்க முடிகிறது.

பளபளப்பைப் பொறுத்தவரை மூன்றுமே நன்றாக இருக்கும். ஒரு லூருக்கு ஆகும் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. அடிபட்ட லூரைத் திரும்பச் சரிசெய்து தண்ணீரில் போட முடிகிறதா என்பது ஒன்றுதான்.

மர லூர் எங்கே சாகிறது என்று பார்த்தால் இது புரியும். கொடுவாவின் வாய்க்குள் இருப்பது உப்புத்தாள் போன்ற பொடிப் பற்கள். பூச்சை அது பெரிதாகக் கிழிப்பதில்லை. சீலா மீன் வேறு; கடித்தால் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். ஆனால் மீனைவிட அதிகம் கெடுப்பது லூரின் சொந்த ஹூக்தான். ரீல் சுற்றும்போது லூர் நெளிகிறது, வயிற்றில் தொங்கும் மூன்று முனை ட்ரெபிள் ஹூக் இடமும் வலமும் ஆடுகிறது, அதன் முனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தை உரசுகிறது. நாலைந்து நாள் மீன்பிடித்த லூரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வயிற்றின் இரண்டு பக்கமும் வில் போல வளைந்த கீறல் தெரியும். அந்தக் கீறல் பூச்சைத் தாண்டி, பெயிண்டைத் தாண்டி மரத்தைத் தொட்ட நாளில் லூர் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறது. மரம் உப்பும். உப்பினால் பூச்சு வெடிக்கும். வெடித்த இடத்தில் இன்னும் தண்ணீர் இறங்கும்.

இந்த இடத்தில் எபாக்ஸியின் தடிமன் கைகொடுக்கிறது. இரண்டு கோட்டு போட்டால் கண்ணாடி ஓடு போர்த்தியது போல ஆகிவிடும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்காது. வளையத்தைச் சுற்றி அது தேங்கி, மரமும் கம்பியும் சேரும் இடுக்கை அடைத்துக்கொள்ளும். என்னிடம் ஒரு குமிழ் மரத்து லூர் இருக்கிறது. முதலுக்கு 18.9 கிராம். இரண்டு பருவத்தில் இரண்டு முறை வயிற்றில் கீறல் ஆழமானது. இரண்டு முறையும் ஹூக்கைக் கழற்றி, ஒரு வாரம் ஃபேன் காற்றில் தொங்கவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் அந்த இடத்தை வெண்மை தட்டும்வரை தேய்த்து, மேலே ஒரு கோட்டு எபாக்ஸி இழுத்தேன். இப்போது 19.6 கிராம். நீச்சலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன மாதமும் அதே லூரில் கொடுவா அடித்தது.

யூவி ரெசின் அவசரக்காரர்களுக்கானது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. பூசி, நகத்துக்கு வைக்கும் விளக்குக்குள் மூன்று நிமிடம் வைத்தால் இறுகிவிடும். மேலே ஒட்டும் பிசுபிசுப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் முடிந்தது. மழைக்காலத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒளி படாத இடம் இறுகாது. லிப்புக்கு (லூரின் வாய்ப்பக்கம் நீட்டியிருக்கும் தகடு) அடியில் நிழல் விழும் மூலையை விளக்குக்குத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், நான் வாங்கிய இரண்டு வகையுமே இறுகிய பிறகு முறுகலாக இருந்தன. சிப்பி ஒட்டிய பாலத் தூணில் ஒரு முறை மோதியதும் முட்டை ஓடு உரிவதுபோல நகம் அளவுக்குத் தெறித்து வந்தது. தெறித்த விளிம்புக்கு அடியில் தண்ணீர் ஊர்ந்து, சுற்றிலும் பெயிண்டைக் கிளப்பிவிட்டது. அப்படி உரிந்ததை ஒட்டுப்போட முடியாது, முழுக்கச் சுரண்ட வேண்டும். இப்போது லூருக்குக் கண் ஒட்டுவதற்கும், மறுநாள் காலை கிளம்ப வேண்டிய லூரில் சின்னக் கீறலை மூடுவதற்கும் மட்டும் யூவி வைத்திருக்கிறேன்.

பியூ பாலிஷை எனக்குக் கொடுத்தவர் எங்கள் தெருவில் மரவேலை செய்யும் ஆசாரி அண்ணன். குமிழ் துண்டுகளும் அவர் கொடுப்பதுதான். "தம்பி, இது கதவுக்குப் போடுறது. தண்ணிக்குள்ளயே கிடந்தா என்ன ஆகும்னு நான் பார்த்ததில்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார். மெல்லிய படலம், என் லூர்களில் மஞ்சள் பூக்கவில்லை, எடை ஏறாது. 5 சென்டிமீட்டருக்குக் குறைவான லூருக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்த அளவில் எபாக்ஸியின் கனம் நெளிவைக் கெடுத்துவிடுகிறது. ஆனால் மெல்லிய படலத்தை ஹூக் சீக்கிரம் அறுத்துவிடும். நான் பியூ போட்டது மூன்றே லூர், ஓடியது ஒரு பருவம். அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஹார்ட்னர் கலக்கும் பியூவில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் துணி மாஸ்க் போதாது. ஆவியைத் தடுக்கும் கேட்ரிஜ் மாஸ்க்கும் திறந்த வெளியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

எபாக்ஸி சுலபம் என்று சொல்ல மாட்டேன். முதல் எதிரி ஈரக்காற்று. ஒரு கார்த்திகை மாத இரவில் பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் தொட்டால் தேங்காய் எண்ணெய் தடவியதுபோல வழவழப்பு. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் ஹார்ட்னரோடு சேர்ந்து படியும் படலம் அது. அதைக் கழுவாமல் அடுத்த கோட்டு போட்டால் இரண்டும் ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, தேய்த்த பிறகே தொடர வேண்டும். வெயில் காலத்தில் பிரச்சினை வேறு. 10 டிகிரி சூடு கூடினால் கப்பில் இருக்கும் கலவைக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். கலக்கியதும் அலுமினியத் தாளில் பரத்திவிட்டால் சூடு ஏறாமல் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அளவை ஊசி சிரிஞ்சில் எடுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் விகிதம் கன அளவுக்கா எடைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

காலையில் பூசுவதையும் விட்டுவிட்டேன். பொழுது ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத பூச்சுக்குள் குமிழியாக வெளியே வரும். சாயங்காலம் சூடு இறங்கும்போது பூசினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பெயிண்டுக்கு முன்னால் மரத்துக்கு சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

பூச்சு வழிந்து வயிற்றில் சொட்டாமல் இருக்க லூர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்குபேட்டரில் முட்டை திருப்பும், நிமிடத்துக்கு 2.5 சுற்று சுற்றும் மோட்டார் ஒன்றை மரப்பலகையில் பொருத்தி, அச்சில் ஒரு தக்கை வட்டு மாட்டி, அதில் லூர்களைக் கவ்வ வைத்திருக்கிறேன். ஆறு மணி நேரம் சுற்றினால் போதும், பிறகு ஒருநாள் தொடக்கூடாது.

மஞ்சள் பூப்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் கிடக்கும் எபாக்ஸி பழுக்கத்தான் செய்யும், வெள்ளை வயிற்றில் அது நன்றாகத் தெரியும். கலங்கிய கழிமுகத் தண்ணீரில் கொடுவாவுக்கு அது பொருட்டாக இருந்ததை நான் பார்க்கவில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கென்றால் பியூவே போடுங்கள்.

இன்னொன்று, மென்மையான ரப்பர் மீன் லூர்களையும் பெயிண்ட் லூர்களையும் பெட்டியின் ஒரே அறையில் போடாதீர்கள். ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் என் நெயில் பாலிஷ் லூர் ஒன்றைச் சுருங்கவைத்துப் பெட்டியோடு ஒட்டிவிட்டது. அதே அறையில் கிடந்த எபாக்ஸி லூரைத் துணியால் துடைத்தேன், வந்துவிட்டது.

இப்போது பூண்டு வலைப்பையைப் போர்த்திச் செதில் போல வண்ணம் அடித்த இரண்டு குமிழ் லூர்கள் பெயிண்ட் முடிந்து ஆணியில் தொங்குகின்றன. பழைய சிடியில் வெட்டிய லிப்பும் ஒட்டியாயிற்று. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எபாக்ஸி போட்டுவிட வேண்டும். தவறினால் தை மாதம் வரை அவை அங்கேயே தொங்கட்டும்.