தில்லியில் சுற்றுலாக் கார் எடுப்பவர்கள் கவனத்திற்கு

கடந்த நவம்பரில் என் பெற்றோர் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்ரிதா ஷேர்-கில்லின் ஓவியங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆகவே ஞாயிறு காலை இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம், மாலையில் சராய் காலே கான் பக்கம் யமுனைக் கரையிலுள்ள பான்சேரா மூங்கில் பூங்கா என்று திட்டமிட்டு, கார், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு 6,500 ரூபாயை முன்னதாகவே யூபிஐயில் செலுத்திவிட்டேன். முழுப் பணத்தையும் கொடுத்திருக்கக் கூடாது.

மயூர் விஹாரிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் ஓட்டுநர் யாருடனோ தொலைபேசியில் பேசிவிட்டு, முக்கியப் பிரமுகர் வருகையால் கலைக்கூடம் மூடியிருக்கிறது என்றும், யமுனையில் தண்ணீர் ஏறியிருப்பதால் பூங்காவுக்கும் விடமாட்டார்கள் என்றும் சொன்னார். 2023 ஜூலையில் ஆற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 208.66 மீட்டர் வரை உயர்ந்தபோது பட்ட பாடு மறக்காததால் அதை அப்படியே நம்பிவிட்டோம். மழை ஓய்ந்த நவம்பரில் வெள்ளம் எப்படி வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பதிலாக 'அரசுக் கலைக்காட்சி' என்று அவர் அழைத்துப்போன இடம் ஒரு தனியார் கடை. அங்கே தஞ்சாவூர் ஓவியம் என்று ஒன்றைக் காட்டி 18,000 ரூபாய் சொன்னார்கள். அப்பா விரலால் தடவிப் பார்த்தார். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்கத்தாள் பதிப்பதுதான் எங்கள் ஊர் முறை. இதில் மேடே இல்லை. அச்சடித்த தாளின் மேல் பிளாஸ்டிக் கற்களை ஒட்டியிருந்தார்கள், கண்ணனின் கன்னத்தருகே தாளின் ஓரம் கிளம்பி நின்றது. இரண்டு மணி நேரம் ஓட்டுநர் கண்ணிலேயே படவில்லை. அம்மா 2,800 ரூபாய்க்கு ஒரு சால்வை வாங்கிய பிறகுதான் வண்டி வாசலுக்கு வந்தது. வழிகாட்டி கடைசிவரை வரவேயில்லை.

அன்று பகலில் அதே கலைக்கூடத்தில் எடுத்த படங்களை இரவு பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். நிறுவனத்தைக் கேட்டால், ஓட்டுநர் தங்கள் ஊழியர் அல்லர் என்கிறார்கள். மறுநாள் திங்கள், கலைக்கூடத்துக்கு வார விடுமுறை. அன்றிரவே பெற்றோருக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாளவில்லை.

எந்த ஓட்டுநர் 'மூடியிருக்கிறது' என்றாலும் வாசல்வரை போய்ப் பார்த்துவிடுங்கள். அந்தக் கலைக்கூடத்தில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 20 ரூபாய்தான், அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. உண்மையான அரசு விற்பனை நிலையங்கள் வேண்டுமென்றால் பாபா கரக் சிங் மார்க்கில் மாநிலங்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்கேதான் இருக்கிறது. ரசீது, உரையாடல் பதிவு, சால்வையின் விலைச்சீட்டு எல்லாவற்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை.